பெயர் தெரியாத வீரருக்கு ஒரு மாலை

கண்காட்சி வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களிடம் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படத்தை எப்படி மாட்டுவது, விளக்கை எந்தப் பக்கம் திருப்புவது, மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் எப்படிக் காப்பது என்பதெல்லாம் உங்களுக்கு வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதில் என்னைவிட நீங்கள் கெட்டிக்காரர்களாகவே இருப்பீர்கள். ஆனால் வகுப்பில் சொல்லித்தராத ஒரு பிராணி இந்தத் தொழிலில் உண்டு. அதற்கு விழாக்குழு என்று பெயர். பணி ஓய்வு பெற்ற பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தால், நான் ஓவியங்களோடு இருந்த நேரம் கொஞ்சம்தான். விழாக்குழுக்களோடு இருந்ததுதான் ஜாஸ்தி.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே ஓர் அதிகாரி இருந்தார். அதிகம் பேசமாட்டார். என் முதல் கண்காட்சியன்று, பார்வையாளர்கள் படத்தைத் தொடாமல் இருக்க நான் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "ஜனங்க தொடமாட்டாங்கம்மா. தொறந்து வைக்க வராங்க பாரு, அவுங்கள கயித்துக்கு இந்தாண்ட விடாத" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த அறிவுரையின் அருமை எனக்குப் புரிய ஒரு உலகப்போர் தேவைப்பட்டது.

முதல் உலகப்போரின் நூற்றாண்டு வந்தபோது ஊருக்கு ஊர் கண்காட்சி வைப்பது வழக்கமாகிவிட்டது. கடலூரிலும் அதற்கு ஒரு விழாக்குழு முளைத்தது. மாவட்டத்து ஓவியர்களைப் படம் வரையச் சொல்லி, அதை முதலில் கடலூரிலும் பிறகு சிதம்பரத்திலும் வைப்பது என்று முடிவாயிற்று. நான் வேலை பார்த்த கலைக்கூடத்திலிருந்து, படங்களுக்குப் பொறுப்பாக என்னை அனுப்பிவைத்தார்கள். விழாக்குழுவின் தலைவர் சிமெண்டும் கம்பியும் விற்கிற பெரிய வியாபாரி. நல்ல மனிதர். கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் நான் எளிதாகச் சமாளித்திருப்பேன்.

முதல் கூட்டத்திலேயே எம்டன் கப்பல் பற்றிப் பேச்சு வந்தது. அந்த ஜெர்மன் கப்பல் சென்னையில் குண்டு போட்டது உங்களுக்குத் தெரியும். கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் கணக்குப்படி அது கடலூரிலும் குண்டு போட்டிருந்தது. அதுவும் ஒவ்வொருவர் தெருவிலும் தனித்தனியாகப் போட்டிருந்தது. தலைவர் தங்கள் குடும்பத்துத் தென்னந்தோப்பில் ஒரு குண்டு விழுந்து வெடிக்காமல் கிடந்ததாகச் சொன்னார். எந்தப் புத்தகத்திலும் அப்படி இல்லையே என்றேன். "புஸ்தகம் எழுதுனவன் கடலூர்க்காரன் இல்லயே மேடம்" என்றார்.

படங்கள் வரத் தொடங்கின. ஒருவர் ஹிட்லரை வரைந்து கொண்டுவந்தார். அது அடுத்த போர், தம்பி, என்றேன். அவர் விடவில்லை. ஹிட்லர் இந்தப் போரிலும் சிப்பாயாக இருந்திருக்கிறார், நெட்டிலேயே போட்டிருக்கிறது என்று போனை எடுத்துக் காட்டினார். உண்மைதான். சிப்பாயாக இருந்தவரைப் படத்தில் பாதி அளவுக்கு நிறுத்தி மேடையில் பேசவிட்டிருக்கிறீர்களே, அது சரியா என்று கேட்டேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, மீசையை அகலமாக்கி, கழுத்தில் ஸ்டெதஸ்கோப் மாட்டி, 'போர்முனையில் ஒரு மருத்துவர்' என்று தலைப்பை மாற்றிக் கொண்டுவந்தார். மாட்டிவிட்டோம். அந்த மருத்துவர் முகத்தில் கருணை வழிகிறது என்று வருகைப் பதிவேட்டில் ஒருவர் எழுதியிருந்தார்.

இவற்றுக்கு நடுவில் ஒரு படம் வந்தது. அதைப் பார்த்ததும் நான் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டேன். வரைந்தவர் ஞானவேல். குறிஞ்சிப்பாடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர், முப்பது வயதுக்குள் இருக்கும். காக்கி உடையும் தலைப்பாகையுமாக ஒரு சிப்பாய், அந்நியக் கரை ஒன்றில் கப்பலிலிருந்து இறங்கி நிற்கிறான். பின்னால் மணலும் வெயிலும் மட்டும்தான். துப்பாக்கியைப் பிடித்திருக்கிற கை, அதைப் பிடித்துப் பழகாத கை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கிறான். வந்த இடம் எப்படி இருக்குமோ என்ற பயமும், அதை ஊரில் யாரும் பார்த்துவிடக்கூடாதே என்ற கவலையும் அந்த முகத்தில் சேர்ந்து இருந்தன. 'பஸ்ராவில் பெயர் தெரியாத வீரன்' என்று தலைப்பு. நம் பக்கத்துப் பையன்கள் அந்தப் போருக்குப் போய் இறங்கிய ஊர்களில் பஸ்ராவும் ஒன்று.

இது யாருடைய முகம் என்று கேட்டேன். மனதில் வந்த முகம் என்றார் ஞானவேல். முகங்களை ஓவியர்கள் கற்பனையாக வரைய வேண்டும் என்று விழாக்குழு நிபந்தனை போட்டிருந்ததால் நானும் மேலே தோண்டவில்லை. ஆனால் நீங்கள் தோண்டுங்கள். இவ்வளவு வருஷத்தில் நான் பார்த்தவரை, மனதில் வரும் முகம் எல்லாம் எங்காவது ஒரு வீட்டில் சாப்பிட்டுத் தூங்குகிற முகமாகத்தான் இருக்கிறது.

கடலூரில் கண்காட்சி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் வைத்த பேனர் அகலமாகப் போய்விட்டதால் பின்னால் இருந்த நான்கு படங்கள் மறைந்துவிட்டன. பேனரில் விழாக்குழுவினர் அத்தனை பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், ஓரத்தில் உலகப்போர் ஒரு சின்ன வட்டத்துக்குள் இருந்தது. தலைவர் பேசும்முன் சிப்பாய் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு மைக்கைப் பிடித்து, இந்த முகத்தைப் பார்த்ததும் தனக்கு மெய்சிலிர்த்தது என்றார். தன் பெரிய தாத்தா ஒருவர் இந்தப் போருக்குப் போய்த் திரும்பி வரவேயில்லை என்றும், தன் வீட்டுப் பெரியவர்கள் வர்ணித்த முகம் அச்சாக இதுதான் என்றும், ஓவியருக்கே தெரியாமல் தன் குடும்பத்து வீரர் அவர் தூரிகையில் வந்து இறங்கிவிட்டார் என்றும் சொன்னார். நல்ல கைதட்டல். நான் ஞானவேலைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதுவரை தலைவருக்கு அப்படி ஒரு பெரிய தாத்தா இருந்ததாக அவர் வீட்டாருக்கே தெரியாது என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. மனிதர் பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். உலகப்போர் வரைக்கும் வந்தாயிற்று, சொந்தக்காரர் ஒருவர்கூட அதில் இல்லையே என்ற குறை அவருக்கு. மைக் கையில் இருக்கும்போது குறைகள் தீர்ந்துபோகும்.

கடலூர்க் கண்காட்சி முடிந்ததும் தலைவர் சோர்ந்துவிட்டார். செய்தித்தாளில் நாலு வரிதான் வந்திருந்தது. என்னைக் கூப்பிட்டு, "ஒருத்தரும் அழுவல மேடம். செத்தவங்களுக்காக வைக்கிற விழாவுல ஒருத்தராவது அழுவணுமா இல்லியா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி என்றே எனக்கும் பட்டது. ஆனால் அதற்கு அவர் கண்டுபிடித்த மருந்து வேறு. சிதம்பரத்தில் சிப்பாய் படத்தைத் தனியாக மேடையில் நாற்காலியில் வைத்து, ரோஜா மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, குத்துவிளக்கு ஏற்றி, ஊதுவத்தி கொளுத்தி வீரவணக்கம் செய்வது என்று ஏற்பாடானது. முதல் மாலையைச் சிறப்பு விருந்தினர் போடுவார், இரண்டாவதாகக் குடும்பத்தின் சார்பில் தலைவர் பூ தூவுவார்.

மாலையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கேன்வாஸில் குங்குமம் வைப்பதற்குத்தான் குதித்தேன். அது எண்ணெய் ஓவியம், இன்னும் சரியாக உலரவில்லை, வைத்தால் வைத்ததுதான் என்றேன். விழாவன்று காலை முழுக்க இதே பேச்சு. பொட்டு இல்லாமல் மாலை போட்டால் பார்ப்பவர்கள் தப்பாகப் பேசுவார்கள் என்றார்கள். கடைசியில் படத்தின் மேல் ஒரு கண்ணாடித்தாளைப் போர்த்தி, அதன் மேல் பொட்டு வைத்துக்கொள்வது என்று சமாதானம் ஆயிற்று. ஒரு கலைப்பொருளைக் காப்பாற்றிவிட்ட பெருமிதத்தோடு நான் அந்தத் தாளை வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஞானவேல் வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"மேடம், பொட்டு வேணா வெச்சுக்கட்டும். மால மட்டும் வேணாம்னு சொல்லுங்க மேடம்."

ஏன் என்றேன். மனசு சரியில்லை என்று மட்டும் சொன்னார். நான் அதைத் தலைவரிடம் கொண்டுபோனேன். மாலைக்குச் சொல்லி வந்துவிட்டது, விருந்தினர் வடலூர் தாண்டிவிட்டார், ஓவியர்கள் என்றாலே இப்படித்தான் எதையாவது சொல்வார்கள் என்று அவர் அடித்துச் சொல்லிவிட்டார்.

சிதம்பரத்திலும் ஒரு கல்யாண மண்டபம்தான். விழா தொடங்கியது. சிறப்பு விருந்தினர் பெரிய பதவிகளில் இருந்து ஓய்வு பெற்றவர். மாலை போட்டார். தலைவர் பூ தூவினார், தூவும்போது உண்மையிலேயே கண் கலங்கிவிட்டார். தானே கட்டிய கதைக்குத் தானே அழுகிற மனிதரை நான் அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொள்வதை, மாலையும் விளக்கும் சிப்பாய் முகமும் தெரிய, குழுவில் ஒருவர் போனில் படம் எடுத்து, மண்டபத்தின் பெயரோடு வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். போட்ட மறுநிமிஷமே அது மாவட்டம் முழுக்கப் பரவியிருக்க வேண்டும். விருந்தினர் பேச எழுந்தார். போரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, தான் ஐரோப்பாவில் பார்த்த தெருக்கள் எவ்வளவு சுத்தம் என்பதற்குப் போனார். ஒரு மணி நேரமாகியும் போனவர் திரும்பி வரவில்லை.

அவர் பாரிசிலிருந்து லண்டனுக்கு ரயில் ஏறிக்கொண்டிருந்தபோது மண்டபத்து வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. வயதான ஒரு அம்மா, அவரைத் தாங்கிப் பிடித்தபடி இரண்டு பெண்கள், கூட ஓர் இளைஞர். அம்மாவின் தலைமுக்காடு தோளில் விழுந்துகிடந்தது, அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. நாற்காலிகளுக்கு நடுவே நேராக மேடைக்கு வந்தார். படத்துக்கு முன்னால் நின்று அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு சத்தம் போட்டார். அந்தச் சத்தத்தை நான் எழுத முயலப்போவதில்லை.

தலைவர் என் பக்கம் சாய்ந்தார். "பாத்தீங்களா மேடம். கண்காட்சின்னா இப்படி இருக்கணும்" என்றார். போட்டோ எடுப்பவரைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். பிறகு தானே கீழே இறங்கி, கைகூப்பியபடி அந்த அம்மாவிடம் போனார். அம்மா அவரை அடையாளம் கண்டுகொண்டார். வாட்ஸ்அப் படத்தில் பக்கத்தில் நின்று அழுதவர் அல்லவா.

"எம் புள்ள எங்கங்க மவுத்தாச்சு?" என்று கேட்டார்.

கேள்வியில் இருந்த 'எம் புள்ள' தலைவர் காதில் விழுந்திருந்தாலும் அவர் அதை ஒரு தாயின் பரந்த மனசு என்றே எடுத்துக்கொண்டிருப்பார். நெஞ்சில் கைவைத்து, குரலைத் தாழ்த்தி, "பஸ்ராவுலம்மா. குண்டு பட்டு. ஒடம்புகூட ஊருக்கு வரல" என்றார்.

அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கூட வந்த இளைஞர் தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "குவைத்துல வேல பாக்கறவன் பஸ்ராவுக்கு ஏன் போனான்? யாரு அனுப்புனது?" என்று கேட்டார். குவைத் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. குவைத்திலிருந்து எட்டிப்பார்த்தால் பஸ்ரா. ஞானவேலைத் தேடினேன். அவரே கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்துகொண்டிருந்தார்.

சுருக்கமாகச் சொல்கிறேன். சிப்பாயின் முகம் பஷீருடையது. லால்பேட்டைக்காரர், ஞானவேலோடு சிதம்பரத்தில் ஒன்றாகப் படித்த நண்பர். குவைத்தில் வேலைக்குப் போய் இறங்கிய முதல் நாள், வெயிலில் மணலில் நின்று ஒரு படம் எடுத்து நண்பனுக்கு அனுப்பியிருக்கிறார். அதைப் பார்த்துத்தான் ஞானவேல் வரைந்தார். தலைவர் அந்த முகத்தை மேடையில் தன் பெரிய தாத்தாவாகத் தத்தெடுத்த பிறகு, இது என் நண்பன் என்று சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. வந்திருந்த அம்மா பஷீரின் தாயார் கதீஜா பீவி. இளைஞர் பஷீரின் மனைவியுடைய அண்ணன் யூசுப். பஷீரின் மனைவி படத்தைப் பார்த்து மயங்கி விழுந்து வீட்டில் கிடந்தாள். லால்பேட்டையில் படத்துக்கு மாலை போடுகிற வழக்கம் கிடையாது. ஆனால் மாலை போட்ட படத்துக்கு என்ன அர்த்தம் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பஷீருக்குப் போன் போட்டிருக்கிறார்கள். போன் அணைந்திருந்தது. அவர் வேலை பார்த்தது எண்ணெய் நிறுவனம், உள்ளே போகும்போது வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். தினமும் அப்படித்தான். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த பிறகு, தினமும் அணைந்திருக்கிற போன் அன்றைக்கு வேறு மாதிரி அணைந்திருந்தது.

ஞானவேல் அந்த அம்மாவின் முன்னால் மண்டியிட்டு, நான் ஞானவேல், ஒவ்வொரு பெருநாளைக்கும் உங்கள் வீட்டில் சாப்பிட்டவன், பஷீரோடு நேற்று ராத்திரிகூடப் பேசினேன், அவன் நன்றாக இருக்கிறான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் ஞானவேலைப் பார்க்கவே இல்லை. படத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"உசுரோட இருக்கறவனுக்கு மால போடுவாங்களா?"

ஞானவேல் சொன்ன உண்மைக்கு அந்த ரோஜா மாலை எதிர்சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. மாலை அங்கே இருக்கும்வரை அந்தத் தாயை யாராலும் நம்பவைக்க முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தலைவரிடம் மாலையைக் கழற்றச் சொன்னேன். அவர் கலங்கிப்போய்த்தான் இருந்தார். ஆனாலும் இத்தனை வருஷப் பழக்கம் விடுமா. "விஐபி போட்ட மால மேடம். அவுரு கௌம்புற வரைக்கும் இருக்கட்டும். இவுங்கள உள்ள ரூமுக்குக் கூட்டிக்கிட்டுப் போயி பொறுமையா சொல்லுவோம்" என்றார்.

நான் மேடை ஏறினேன். விருந்தினர் இன்னும் லண்டனில்தான் இருந்தார். மாலையைக் கழற்றினேன். பொட்டோடு சேர்த்துக் கண்ணாடித்தாளை உரித்தேன். விளக்கை ஓரமாகத் தள்ளிவைத்தேன். கையில் மாலையோடு திரும்பியபோது, விருந்தினர் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துப் புன்னகையோடு கழுத்தை நீட்டினார். வாழ்நாளெல்லாம் மேடைகளில் மாலையோடு யார் வந்தாலும் அது தனக்குத்தான் என்று பழகிய கழுத்து, அதைக் குறை சொல்ல முடியாது. அவரைத் தாண்டிப் போய் அந்த மாலையை வாசல் வாழைமரத்தடியில் போட்டுவிட்டு வந்தேன். பிறகு மைக்கை வாங்கிக்கொண்டேன். இந்தப் படத்தில் இருப்பவர் உயிரோடு இருக்கிறார், அவர் பெயர் பஷீர், குவைத்தில் வேலை பார்க்கிறார், அவருடைய அம்மா இங்கே உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு நடந்த தப்புக்கு நாங்கள்தான் காரணம் என்று சொன்னேன். நூறு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோன பெரிய தாத்தாவுக்குக் குவைத்தில் வேலை இருப்பது முன்வரிசைக்காரர்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த ஊர்க்காரர்கள் மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று. நெருக்கடி வரும்போது விழாக்குழு எப்போதும் 'உள்ள ரூமுக்கு' என்றுதான் சொல்லும். தப்பு மேடையில் நடந்தால் திருத்தமும் மேடையில்தான் நடக்க வேண்டும். உள்ளே போய்ச் சொன்ன உண்மையை வெளியே இருப்பவர்கள் யாரும் நம்பமாட்டார்கள், உள்ளே இருப்பவர்களும் நம்பமாட்டார்கள்.

மாலை போன பிறகு கதீஜா பீவி அழுகையை நிறுத்தினார். நம்பினார் என்று சொல்லமாட்டேன். நம்பலாமா என்று யோசிக்கத் தொடங்கினார். யூசுப் குவைத்தில் இருக்கிற லால்பேட்டைக்காரர்கள் எல்லாருக்கும் போன் போட்டுக்கொண்டேயிருந்தார். யாரோ ஒருவர் வண்டி எடுத்துக்கொண்டு பஷீர் வேலை பார்க்கும் இடத்துக்குக் கிளம்பினார். அதற்குப் பிறகு காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. கூட்டம் கலையவில்லை. சாப்பாடு தயாராகிவிட்டது என்று சமையல்காரர் வந்து எட்டிப்பார்த்தார், ஒருவரும் எழுந்திருக்கவில்லை. விருந்தினரும் உட்கார்ந்தே இருந்தார். தலைவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், அந்த அம்மா வாங்கவில்லை. மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், வெறும் தரையில், அவருக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துவிட்டார். வெள்ளை வேட்டியில் மண் ஒட்டியதை அவர் பார்க்கவில்லை.

போன் வந்தது. வீடியோ கால். யூசுப் அதை அந்த அம்மாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். தலையில் வேலைத்தொப்பியும் முகம் முழுக்க வியர்வையுமாக ஒருவன், பயந்துபோய், "என்னம்மா, வூட்டுல யாருக்கு என்னாச்சு?" என்று கேட்டான். கண்ணைச் சுருக்கி நின்ற அதே முகம். தலைப்பாகையோடு இருந்த முகம் ஒருதடவை ஏமாற்றிவிட்டதால் இந்தத் தொப்பியையும் அந்த அம்மா நம்பவில்லை போலிருக்கிறது.

"தொப்பிய கழட்டுடா. மொகத்த காட்டு" என்றார்.

அவன் கழற்றினான். அந்த அம்மா போனை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். அவன் அந்த அணைப்பின் இருட்டிலிருந்து அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஞானவேல் ஒரு தூணில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். பக்கத்தில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டுத் திரும்பினால், ஐரோப்பா போய்வந்த விருந்தினர். அன்றைக்குச் செய்தித்தாள்காரர்கள் மூன்று பேர் வந்திருந்தார்கள். அவர்கள் படம் எடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

லால்பேட்டைக்குத் தகவல் சொல்லி, பஷீரின் மனைவியும் அவனோடு பேசிவிட்டாள் என்று தெரிந்த பிறகு, கதீஜா பீவி தண்ணீர் குடித்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். எங்களைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தோம். அவர் போகிற வழியில் தரையில் உட்கார்ந்திருந்த தலைவரின் முன்னால் நின்றார். தலைவர் பதறி எழுந்தார்.

"பஸ்ராவுல குண்டு பட்டு, ஒடம்புகூட வரலன்னு சொன்னீங்களே. அவுரு ஒங்களுக்கு என்ன வேணும்?"

பெரிய தாத்தா என்றார் தலைவர்.

"பேரு என்ன?"

தலைவர் வாயைத் திறந்தார். எந்த மேடையிலும் அவர் வார்த்தைக்குத் தடுமாறி நான் பார்த்ததில்லை. ஒரு பெயரைச் சொல்லிவிட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவருக்கு ஆயிரம் பெயர் தெரியும். ஆனால் இப்போதுதான் மகன் திரும்பக் கிடைத்த ஒரு தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவரால் அதைச் சொல்ல முடியவில்லை.

"அப்படி யாரும் இல்லம்மா. நானா சொன்னது" என்றார்.

அந்த அம்மா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மேடையில் மாலை இல்லாமல் நின்ற அந்தச் சிப்பாயைத் திரும்பிப் பார்த்தார். தன் பிள்ளையின் முகம்தான். ஆனால் இந்தத் தடவை அதைத் தன் பிள்ளையாகப் பார்க்கவில்லை.

"யாரோ ஒருத்தன் போயிருப்பான் இல்ல? ஒடம்பு வராமலே போயிருக்கும் இல்ல?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன் நான். நிறையப் பேர் என்றேன்.

"நான் ஒரு மதியம் அழுததுக்கே உசுரு போயி வந்துச்சு. அந்தப் புள்ளைங்களப் பெத்தவங்களுக்கு போனு ஏது, யாரு என்னா சொல்லியிருப்பா. சாவுற வரைக்கும் வாசலப் பாத்துக்கிட்டே இருந்திருப்பாளுங்க" என்றார். "அவளுங்களுக்கு ஒரு துஆ செஞ்சிட்டுப் போறேன்."

அங்கேயே நின்று இரண்டு கையையும் ஏந்தினார். உதடு மட்டும் அசைந்தது. எழுந்திருங்கள் என்று யாரும் மைக்கில் சொல்லவில்லை. முன்வரிசையில் ஒருவர் எழுந்தார், பிறகு எல்லோரும் எழுந்தார்கள். அவர் கையை முகத்தில் தடவி இறக்குகிற வரைக்கும் யாரும் உட்காரவில்லை.